வளர்ச்சியும் வாழ்வும்: தகடூர் மண்ணிலிருந்து ஒரு வினா

இருபதாம் நூற்றாண்டு உலகுக்கு வழங்கிய சொற்களுள் ‘வளர்ச்சி’ என்னும் சொல் பெற்ற மதிப்பை வேறெச்சொல்லும் பெறவில்லை எனலாம். ஆட்சிப் பொறுப்பில் இருப்போரும் அதனை அடைய விழைவோரும், வணிகரும் வல்லுநரும் ஒருமித்து ஓதும் மந்திரமாக அச்சொல் விளங்குகிறது. நாட்டின் மொத்த உற்பத்தி இவ்வாண்டு இத்தனை விழுக்காடு உயர்ந்தது என்னும் செய்தி நாளேடுகளில் வரும்போது, நம் வீட்டில் ஏதோ நன்மை நிகழ்ந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி நமக்கும் உண்டாகிறது. என்ன வளர்ந்தது, யாருக்காக வளர்ந்தது, எதனை இழந்து வளர்ந்தது என்று வினவுவார் மிகச் சிலரே.

நம் மாவட்டத்து உழவர் கேழ்வரகு பயிரிடுகின்றனர். நான்கு திங்களில் பயிர் வளர்ந்து, கதிர் முற்றித் தலை சாய்கிறது. கதிர் பிடிக்க வேண்டிய காலத்திலும் தாள் மட்டுமே உயர்ந்துகொண்டிருந்தால் எந்த உழவராவது மகிழ்வாரா? பயிருக்கு வளர்ச்சி ஒரு பருவமே, விளைச்சலே பயன். சமுதாயத்தின் பொருளாதாரமும் அத்தகையதே என்பது எம் கருத்து.

மேலை நாடுகளில் அறிஞர் சிலர் ‘வளர்ச்சிக் குறைப்பு’ என்னும் கொள்கையை அரை நூற்றாண்டாகப் பேசி வருகின்றனர். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் அறிக்கையை வெளியிட்டனர். எல்லையுடைய பூமியில் எல்லையற்ற வளர்ச்சி இயலாது என்பதே அதன் சாரம். 2008-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் இக்கொள்கைக்கென முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. மிகுதியாக நுகரும் நாடுகள் தம் உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுக் குறைத்து, மக்கள் நலத்தைக் காக்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை.

‘இது உண்டு களித்தவர் பேசும் பேச்சு. தமிழ்நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகிய தருமபுரிக்கு இதனால் ஆவதென்ன?’ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் பிறந்த கதை

ஒரு நாட்டின் வருமானத்தைத் தொகுத்துக் கணக்கிடும் முறையைச் சீர்படுத்தியவர்களுள் தலையாயவர் சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியல் அறிஞர். பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்தபோது, 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றத்திற்கு அவர் தம் கணக்கை அளித்தார். அதே அறிக்கையில், இத்தொகையைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட இயலாது என்று எச்சரிக்கவும் செய்தார். 1971-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உலகம் அவருடைய கணக்கை ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையை மறந்தது.

இக்கணக்கு எதனைச் சேர்க்கிறது, எதனை விடுகிறது என்பதை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கப்படும் பொருளும் பணியும் பெரும்பாலும் இதில் சேரும். தாய் தன் குடும்பத்திற்குச் சமைத்தால் அவ்வுழைப்பு சேராது. அதே உணவு உணவகத்தில் சமைக்கப்பட்டால் சேரும். முதியோரைப் பேணும் மருமகளின் உழைப்பு சேராது; நோயுற்ற பின் மருத்துவமனைக்குக் கட்டும் பணம் சேரும். வீடு கட்டும் செலவும், வெள்ளத்தில் இடிந்த வீட்டை மீண்டும் கட்டும் செலவும் இக்கணக்கிற்கு ஒன்றே.

சராசரி என்னும் திரை

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் உருவாயிற்று. ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து பெருந்தொழிற்சாலைகள் எழுந்தபோது, அவற்றின் உற்பத்தியெல்லாம் தருமபுரி மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. ஒசூர் அதனோடு சென்றது. அன்று மாலை பென்னாகரத்து உழவரின் அடுப்பில் கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு கவளம் களி கிண்டப்படவில்லை. ஆயினும் மாவட்டத்தின் கணக்கு மாறிவிட்டது. ஒசூர்த் தொழிற்சாலை அரூர்க் குடிசையைச் செல்வக் குடிசையாகக் காட்டியதும், பின்னர் அத்தோற்றம் கலைந்ததும் எல்லைக்கோட்டின் விளையாட்டே. சராசரி வருமானம் என்பது ஒரு திரை. அதன் பின்னால் யார் உண்கிறார், யார் பட்டினி கிடக்கிறார் என்பது தெரிவதில்லை.

ஆழ்துளைக் கிணறு புகட்டும் பாடம்

வளர்ச்சியின் புதிரை விளங்கிக்கொள்ள நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் மண்ணைத் துளைத்த குழாய்க் கிணறே போதும். முன்னாளில் ஊர்தோறும் ஏரியும், ஏரிநீர் ஊறும் திறந்த கிணறும் இருந்தன. அக்கிணற்றுநீருக்கு விலை இல்லை; ஆகவே அது நாட்டின் வருமானக் கணக்கில் தோன்றவில்லை. ஏரிகள் தூர்ந்தன, வரத்துக் கால்வாய்கள் அடைபட்டன. மின்விசைப் பம்புகள் பெருகின, நீர்மட்டம் கீழிறங்கிற்று. அதன்பின் துளைப்பு வண்டிகள் வந்தன. நூறு அடியில் கிடைத்த நீருக்கு ஐந்நூறு அடி, ஆயிரம் அடி எனத் துளைக்க வேண்டியதாயிற்று.

இனிக் கணக்கைப் பாருங்கள். துளையிட்ட செலவு வளர்ச்சி. குழாயும் மோட்டாரும் வாங்கிய செலவு வளர்ச்சி. அவற்றிற்காக வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டி நிதி நிறுவனத்தின் வருவாய். அதுவும் வளர்ச்சிக் கணக்கைச் சாரும். ஒரு கிணறு வற்றி மறு கிணறு தோண்டினால் வளர்ச்சி இரட்டிப்பாகும். நிலத்தடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நீர் தீர்ந்துபோனதை மட்டும் மொத்த உற்பத்திக் கணக்கு எந்தப் பத்தியிலும் கழிப்பதில்லை.

துயரம் இத்துடன் முடியவில்லை. நம் மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளோரைடு என்னும் உப்பு உண்டு. அண்மையில் பெய்த மழை ஊறிய மேல்மட்ட நீரைவிட, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழத்து நீரில் அவ்வுப்பு மிகுந்திருத்தல் இயல்பு. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. அந்த அளவைக் கடந்த நீரைப் பருகிய குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது; முதியோரின் மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்ட சிறுமியரை அறியாதார் யார்?

இந்நிலையை மாற்றவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, சப்பான் நாட்டின் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறி, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இரு மாவட்ட மக்களுக்குக் காவிரி நீரை வழங்கும் அத்திட்டம் போற்றுதற்குரியது. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் நச்சுநீரை மேலே கொணர்ந்த செலவும், அந்நஞ்சினின்று மக்களை மீட்ட செலவும் ஒரே பேரேட்டில் ‘வரவு’ என்றே எழுதப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காயமும் கட்டும் ஒன்றாகத் தோன்றும் கணக்கைக் கொண்டு ஊரின் நலத்தை எங்ஙனம் அளப்பது?

பாலாற்றங்கரையின் சான்று

நமக்கு அண்டையிலுள்ள பாலாற்றங்கரையை நோக்குவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்களின் தோல் தொழில், முசுலிம் வணிகப் பெருமக்களின் உழைப்பாலும் துணிவாலும் தழைத்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அச்செல்வத்தின் ஒரு பகுதி பள்ளியாகவும் கல்லூரியாகவும் மாறிச் சமுதாயத்திற்குக் கண் திறந்தது. இந்நன்மையை மறப்பது நன்றி கொன்ற செயலாகும்.

ஆயினும் அத்தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகத்து 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதன் விலையைத் தர வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 2025-ஆம் ஆண்டு சனவரியிலும் அதே ஆற்றின் துயரம் குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. ஏற்றுமதியில் ஈட்டிய பணம் ஆண்டுதோறும் கணக்கில் ஏறியது. ஆறு ஒருமுறையும் கணக்கில் இறங்கவில்லை. நம் சமுதாயத்துப் பெரியோர்கள் இதனைப் பழியாகக் கொள்ளாது படிப்பினையாகக் கொள்வார்கள் என நம்புகிறோம்.

ஒரு தமிழரின் குரல்

வளர்ச்சியை ஐயுற்று நோக்கும் சிந்தனை மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என எண்ண வேண்டா. 1892-இல் தஞ்சையில் பிறந்த சே.சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கிராமங்களுக்கே தம் வாழ்வை அளித்தவர். 1945-ஆம் ஆண்டு சிறையில் இருந்தபோது ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார்.

இயற்கை வளங்களை அவர் இரு வகையாகப் பகுத்தார். எடுக்க எடுக்கத் தீர்வன ஒரு வகை. முறையாகப் பயன்கொண்டால் என்றும் ஊறுவன மறுவகை. நிலக்கரியும் கன்னெய்யும் முன்னதைச் சாரும். காடும் ஓடும் நீரும் பின்னதைச் சாரும். தீரும் பொருளைச் சார்ந்த வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்பது அவர் முடிபு. அந்தப் பகுப்பை நம் ஊருக்குப் பொருத்தினால், மழைநீரை ஏற்கும் ஏரி ஊறும் செல்வம்; ஆயிரம் அடி ஆழத்து நீர் தீரும் செல்வம். நாம் வட்டியை விட்டு முதலைத் தின்று, அதற்கு வருமானம் எனப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மறைந்தார். அவரைப் பழமைவாதி எனத் தள்ளியோர் பலர். ஆனால் 2025-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய கணக்குமுறை, இயற்கை வளங்களின் தேய்வை நிகர வருமானத்தினின்று கழிக்கும்படி கூறுகிறது. சிறையிலிருந்து அவர் எழுதியதை எண்பது ஆண்டுகள் கழித்து உலகம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியுள்ளது.

சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு

இச்சிந்தனைக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு விளக்கம் உண்டு. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே அமைந்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினரும் இலம்பாடி மக்களும் வாழ்கின்றனர். 1993-ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி சார்ச்சும் மருத்துவர் இலலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அங்கு ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. மலைவாழ் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்ததன் பயனாக, அவ்விறப்பு விகிதம் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிற்று.

அதன்பின் உழவர்கள் ஒன்றுசேர்ந்து இயற்கை வேளாண் சங்கம் அமைத்தனர். சாமை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களை மீட்டெடுத்தனர். இலம்பாடிப் பெண்கள் வழக்கொழிந்துகொண்டிருந்த தம் பூத்தையல் கலையைக் கைத்தொழிலாக்கி, அதற்குத் தம் மொழியில் பெருமிதம் எனப் பொருள்படும் ‘போர்கை’ என்னும் பெயரை இட்டனர்.

இப்பள்ளத்தாக்கில் பெருந்தொழிற்சாலை எதுவும் எழவில்லை. நாட்டின் உற்பத்திக் கணக்கில் இதன் பங்கு கடுகளவே. ஆனால் சாக வேண்டிய குழந்தைகள் வாழ்கின்றன. எந்தத் தராசில் இதனை நிறுப்பது? ஆயினும் இம்மருத்துவமனைக்கு வெளியூர் அன்பர்களின் நன்கொடையும் துணை நின்றது. அந்நன்கொடை நகரங்களின் வருவாயிலிருந்து வந்ததே. ஆகவே பணமே வேண்டா என்பது எம் வாதமன்று. நோக்கம் தெளிந்தால் சிறு பணமும் பெருவாழ்வு தரும். நோக்கம் மறந்தால் பெரும் பணமும் முதுகை வளைக்கும்.

எதிர்வாதங்களுக்கு விடை

ஏழை மாவட்டத்திற்குக் குறைப்பைப் போதிப்பது கொடுமை அன்றோ என்பது முதல் வாதம். உண்மை. உண்ணாதவனை நோக்கி அளவோடு உண் என்பது அறமாகாது. அமெரிக்கர் ஒருவர் ஓராண்டில் வெளியேற்றும் கரியமிலவாயு, இந்தியர் ஒருவர் வெளியேற்றுவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. குறைக்க வேண்டிய கடமை முதலில் அவருடையது. நம் நாட்டுக்குள்ளும் அதே நீதி பொருந்தும்: பல வண்டிகள் நிற்கும் மாளிகைக்கு ஒரு நீதி, குடிநீருக்குக் குடம் ஏந்தும் தெருவுக்கு வேறு நீதி.

வளர்ச்சி இன்றேல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரிப்பணம் ஏது என்பது இரண்டாம் வாதம். தமிழ்நாடு செல்வம் சேர்த்த பின்னரா பள்ளிக் குழந்தைகளுக்குச் சோறிட்டது? காமராசர் மதிய உணவைத் தொடங்கிய ஆண்டு 1956, எம்.சி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்த ஆண்டு 1982. அக்காலங்களில் மாநிலம் இன்றைய செல்வத்தைக் கனவிலும் கண்டதில்லை. முதலில் சோறு, பின்னர் கணக்கு என்னும் முடிவே அத்திட்டங்களைப் பிறப்பித்தது. அவ்வாறு உண்டு படித்த தலைமுறையே பின்னாளில் செல்வத்தையும் ஈட்டிற்று.

வேலைவாய்ப்பு எங்கே என்பது மூன்றாம் வாதம். இது மாணவர்களின் நெஞ்சைத் தொடுவது. நம் இளைஞர்கள் பெங்களூரின் கட்டடங்களுக்கும் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும் செல்கின்றனர். அந்நகரங்கள் வளர்கின்றன, நம் ஊரில் முதியோரும் பூட்டிய வீடுகளும் எஞ்சுகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளின் விரைந்த வளர்ச்சி வேலையை நம் ஊருக்குக் கொணரவில்லை. நம்மையே வேலை இருக்கும் இடத்திற்குக் கொண்டுசென்றது. வளர்ச்சி வந்தால் வேலை வரும் என்னும் வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பதிலும், ஊரிலேயே செய்யத்தக்க பணி யாது என வினவுவதே மேல்.

எது வளர்க, எது குறைக

ஆகவே வளர்ச்சி வேண்டுமா வேண்டாவா என்று வினவுவதில் பயனில்லை. எது வளர வேண்டும், எது குறைய வேண்டும், எது ‘போதும்’ என்னும் எல்லையில் நிற்க வேண்டும் என்று பகுத்தறிவதே தேவை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். அது வளர வேண்டும். ஏரியின் கொள்ளளவு வளர வேண்டும். பெண்குழந்தைகளின் உயர்கல்வி வளர வேண்டும். அரசு மருத்துவமனையின் படுக்கையும் பேருந்தின் வருகையும் வளர வேண்டும். 2023-ஆம் ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. மழையை நம்பி விளையும் பயிருக்கு அரசே வாங்குவோராக வருவது நல்வளர்ச்சி. அது விரிய வேண்டும்.

குறைய வேண்டியவையும் உள. போட்டி போட்டு ஆழ்துளை இறக்குவது குறைய வேண்டும். மழை குறைந்த நிலத்தில் நீரை விழுங்கும் பயிர்கள் குறைய வேண்டும். திருமண மண்டபத்தில் ஒரு வேளை பெருமைக்காகப் பத்தாண்டுக் கடனை வாங்கும் வழக்கம் குறைய வேண்டும். இலையில் எறியப்படும் சோறும், கடன் கொடுத்தவர் பெறும் வட்டியும் நாட்டின் வருமானத்தில் சேரலாம். பெண்ணைப் பெற்ற தந்தையின் உறக்கம் எக்கணக்கில் சேரும்? வீண்விரயத்தைக் கடிதலும் செல்வத்தில் வறியோர்க்கு உரிய பங்கை வழங்குதலும் இசுலாத்தின் அடிப்படை நெறிகள். திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்ததும் இது பற்றியே. பள்ளிவாசலின் சமாஅத்தும் ஊர்ப் பெரியதனமும் மனம் வைத்தால், திருமணச் செலவுக்கு ஓர் எல்லை வகுப்பது அரிதன்று. அவ்வாறு மிஞ்சும் பொருள் ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமாகலாம்; ஓர் ஏரியின் மதகு ஆகலாம்.

மாணவச் செல்வங்களே! நீவிர் பிறந்த மண் தகடூர் என்னும் பழம்பெயர் பெற்றது. இம்மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அவன் நாட்டில் எத்தனை கனிகள் விளைந்தன என எவரும் எண்ணவில்லை. ஒரு கனி யாரிடம் சென்று சேர்ந்தது என்பதையே ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாளை நீவிர் ஆசிரியராகவோ அலுவலராகவோ வணிகராகவோ அமரும்போது, உம் மேசைக்கு வரும் ஒவ்வொரு வளர்ச்சிக் கணக்கையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புங்கள்: வளர்ந்தது எது? பெற்றவர் யார்? இழந்தது எதனை?

இம்மூன்றுக்கும் நாணாமல் விடை சொல்லும் வளர்ச்சியை வரவேற்போம். விடை சொல்ல மறுக்கும் வளர்ச்சியை, அது எத்தனை விழுக்காடு எனினும், வேண்டா என்று சொல்லும் துணிவைப் பெறுவோமாக.